மாப்பிள்ளை அனுப்பிய பேட்டரியில் குறை இல்லை

மரியே வாழ்க

திருவாரூர்,
புதன்கிழமை மாலை

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை ஆன்டோ அவர்களுக்கு,

உங்கள் மாமனார் அடைக்கலராஜ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே உங்கள் அத்தை சுகம், அக்கம்பக்கம் எல்லோரும் சுகம். நானும் சுகம் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லாததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீங்களும் ரோஸ்லினும் குழந்தையும் நல்லபடியாக இருக்க தினமும் செபமாலை சொல்கிறோம். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார், அதுவும் ஆபீஸ் விலாசத்துக்கு என்று நீங்கள் திகைப்பீர்கள். போனில் பேசினால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். வாட்ஸாப்பில் எழுதினால் ரோஸ்லின் எடுத்துப் படித்துவிடுவாள். அப்பாவைப் பற்றி மகள் தெரிந்துகொள்ளாமலே இருப்பது நல்லது என்று சில சங்கதிகள் உண்டு. இது அந்த வகை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி சர்வருக்கு நீங்கள் வாங்கி அனுப்பிய பேட்டரி நல்ல பேட்டரி. ஆனால் திருவாரூரைச் சுற்றி நான்கு ஊர்களில் இன்றைக்கு அது உதவாக்கரைப் பேட்டரி என்றும், அதை அனுப்பிய மெட்ராஸ் மாப்பிள்ளைக்கு வேலையே தெரியாது என்றும் ஒரு பேச்சு நடமாடுகிறது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

நடந்ததைக் கேளுங்கள். மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் கம்பத்திலும் கம்பியிலும் காலம் தள்ளிவிட்டு, டாக்டர் வானதியின் கண் ஆஸ்பத்திரியில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே ஏசி அறையில் இருக்கிற சர்வர் ஒரு மாதமாக 'பீப், பீப்' என்று கத்திக்கொண்டிருந்தது. நீங்கள்தான் போனில் விளக்கம் சொன்னீர்கள். கம்ப்யூட்டரில் அடிப்பதெல்லாம் உடனே டிஸ்க்கில் ஏறிவிடுவதில்லை, நடுவில் ஒரு கார்டு அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து பிறகு ஏற்றுகிறது, திடீரென்று கரண்ட் போனால் கையில் இருப்பதைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்தப் பேட்டரி, அதற்கு ஆயுசு முடிகிறது என்று. புது பேட்டரியோடு ஏழு வரியில் ஒரு தாளும் வைத்து அனுப்பினீர்கள். "மாமா, ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரி லீவுதானே, அன்னைக்குப் பண்ணுங்க. நான் வீடியோ கால்ல கூடவே இருக்கேன்" என்று பத்துத் தடவை சொன்னீர்கள். நானும் சரி சரி என்றேன். என் மனதுக்குள்ளே, பதினோராயிரம் வோல்ட்டைப் பார்த்தவனுக்குத் தீப்பெட்டி அளவு பேட்டரியை மாற்ற வீடியோ காலா என்று ஒரு கர்வம் இருந்தது. மாமனார் என்றால் மாப்பிள்ளையிடம் பாடம் கேட்கிற ஆளா என்றும் இருந்தது. உண்மையை எழுத உட்கார்ந்தபின் எதையும் மறைப்பதற்கில்லை.

போன வியாழக்கிழமை எங்களுக்குக் கண் முகாம். காலையிலேயே வேனில் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் புரை ஆபரேஷனுக்காகக் கண்ணை அளந்து, என்ன பவர் லென்ஸ் வைப்பது என்று கணக்குப் போட்டு, எங்கள் ஊழியர் செம்மொழி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கண் அளக்கிற வேலையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிற பெண், ஒரு புள்ளி மாறாது. முன்பெல்லாம் நோட்டிலும் எழுதுவாள். "எதுக்கும்மா ரெட்டை வேலை" என்று நோட்டை நிறுத்தியவனும் நானே. மத்தியானம் வேன் கிளம்பியது, டாக்டரம்மா சாப்பிடப் போனார். அந்த அரை மணி நேரத்தில் பேட்டரியை மாற்றி, அவர் திரும்பி வரும்போது 'பீப்' நின்றிருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை செய்தால் பார்க்க யார் இருக்கிறார்கள்?

மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். கண் ஆஸ்பத்திரி மேனேஜர் கண்ணாடி இல்லாமல் நிற்கிறார், சிரிப்பதென்றால் சிரியுங்கள். ஆகவே செம்மொழியைக் கூப்பிட்டு உங்கள் தாளைப் படிக்கச் சொன்னேன். முதல் வரி, எல்லாவற்றையும் ஒரு காப்பி எடுத்து வைக்கவும். "ராத்திரி தானா எடுக்குதே, அது போதும்" என்றேன். இரண்டாவது, கம்ப்யூட்டர் வழியாக முறைப்படி அணைக்கவும், சுவிட்சை அணைக்க வேண்டாம். பாஸ்வேர்டு எனக்கு ஞாபகம் வரவில்லை. செம்மொழி "டாக்டரம்மா வரட்டுமே சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் சுவிட்சை அணைத்து, மூன்றாவது வரியில் சொன்னபடி கரண்ட் ஒயர் இரண்டையும் உருவிவிட்டேன். மூடியைத் திறந்தால் உள்ளே கார்டில் ஒரு ஆரஞ்சு விளக்கு மினுக் மினுக் என்று மினுங்குகிறது. கரண்டே இல்லாமல் எப்படி எரிகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

செம்மொழி நாலாவது வரியை உரக்கப் படித்தாள். "'ஆரஞ்சு விளக்கு மினுங்கினால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். டிஸ்க்கில் ஏறாத தகவல் இன்னும் உள்ளே இருக்கிறது. சர்வரைத் திரும்ப ஆன் செய்து, அது ஏறி முடிந்த பிறகு முறைப்படி அணைக்கவும்.' சார், மினுங்குது சார்."

"அதெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு எழுதுறதும்மா. லைன்ல மிச்சம் இருக்கிற கரண்டு. தன்னால அடங்கிடும்."

"அடங்கலையே சார்."

"பேட்டரியக் கழட்டுனா அடங்கிடும் பாரு" என்று சொல்லிக் கழற்றினேன். அடங்கிவிட்டது. அதோடு எல்லாமே அடங்கிவிட்டது. உடம்பு மின்சாரம் கார்டில் பாயாமல் இருக்கக் கையில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை அனுப்பியிருந்தீர்களே, அதை மறக்காமல் மாட்டினேன். அதன் நுனியில் இருக்கிற கிளிப்பை சர்வரின் இரும்பில் மாட்ட வேண்டும் என்று ஐந்தாவது வரியில் இருந்ததாம். நான் அதை என் சட்டைப்பையில் மாட்டியிருந்தேன். புது பேட்டரியைப் பொருத்தி ஆன் செய்தேன், 'பீப்' நின்றது, ஆனால் நோயாளிகள் விவரம் திறக்கவில்லை. சாப்ட்வேர் ஆள் எங்கிருந்தோ இன்டர்நெட் வழியாக உள்ளே நுழைந்து பார்த்து, பாதி எழுதியதும் எழுதாததுமாக எல்லாம் குழம்பிப்போய்விட்டது, புதன்கிழமை ராத்திரி எடுத்த காப்பியைத்தான் போட முடியும் என்றார். வியாழக்கிழமை காலை என்று ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டது. நாற்பத்தொரு பேரின் கண் அளவும் போய்விட்டது, போன் நம்பரும் போய்விட்டது.

டாக்டரம்மா வந்து வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. "என்ன ஆச்சு சார்?" என்றார், அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லி உண்மைக்கு வந்திருப்பேன். மரியாதையாகக் கேட்டதும் என் வாய், "மாப்பிள்ளை அனுப்புன பேட்டரி சரியில்ல டாக்டர். மாடல் மாத்தி அனுப்பிட்டார்" என்றது. செம்மொழி கையில் உங்கள் தாளோடு பக்கத்திலேயே நின்றாள். அதை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வேன் டிரைவரிடம் ஊர்ப் பெயர்களை வாங்கிக்கொண்டு, மொபெட்டில் வீடு வீடாகப் போனேன். சம்பா அறுப்பு சமயம். தார் ரோடு நெடுகிலும் நெல்லைக் காயப் போட்டிருக்கிறார்கள், ஓரமாக உருட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் "ஏன் திரும்ப வரணும்?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உங்களைச் சொன்னேன். புலிவலத்தில் சிங்காரவேலு என்ற விவசாயி, மூன்று நாள் காத்துக் கிடந்து அன்றைக்குத்தான் வயலில் அறுப்பு மெஷினை இறக்கியவர், வரப்பில் நின்றபடி கேட்டார்.

"என் கண்ணு அளவு எப்படிங்க காணாமப் போகும்? கண்ணு இங்கதான இருக்கு?"

நான் பேட்டரி கதையைச் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி விடுங்க, நாளைக்கு வர்றேன். மாப்பிள்ளையத் திட்டிப்புடாதீங்க சார். நம்ம பொண்ணுக்குல்ல மனசு கஷ்டமாயிடும்" என்றார். மெஷின் சத்தத்தில் நான் சொன்ன பதில் எனக்கே கேட்கவில்லை. மொபெட்டை அடுத்த வீட்டுக்கு உருட்டினேன்.

சனியும் திங்களுமாக நாற்பத்தொரு பேரும் வந்து சேர்ந்தார்கள், என்னைக் கோபித்தவர் ஒருவரும் இல்லை. செம்மொழி எல்லோரையும் மறுபடி அளந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். கடைசி ஆள் போனதும் அவள், "நீங்களா சொல்லாம நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சார். ஆனா உங்க முகத்தப் பாக்க எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள். என்னிடம் முப்பத்து மூன்று வருஷத்தில் எந்த அதிகாரியும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேற்று ஆபரேஷன்கள் நல்லபடியாக முடிந்தன. இன்று காலை கட்டுப் பிரித்ததும் சிங்காரவேலு, சுவரில் இருக்கிற காலண்டரை எழுத்துக்கூட்டிப் படித்தாராம். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, மருந்து அறையில் நின்றுகொண்டேன்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்பே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை தடவை என்றார். நாற்பத்து மூன்று தடவை என்றேன். வீட்டுக்கு ஒன்றாக நாற்பத்தொன்று, டாக்டரம்மாவிடம் ஒன்று, உங்கள் அத்தையிடம் ஒன்று. சாமியார், "எங்கிட்ட சொன்னா மட்டும் போதாது. யார் பேரக் கெடுத்தீங்களோ அவர்கிட்டயும், யாரை ஏமாத்துனீங்களோ அவங்ககிட்டயும் சொல்லணும்" என்றார். மூன்று நாள் தள்ளிப்போட்டு இன்று எழுதுகிறேன். நாளைக் காலை டாக்டரம்மாவிடமும் நேரில் சொல்லிவிடுவேன். இது மாதா மேல் ஆணை.

புது பேட்டரி சார்ஜ் ஏறி, கார்டு பச்சை விளக்கோடு ஒழுங்காக ஓடுகிறது. பழையதைக் குப்பையில் போடவில்லை, தீயில் போடவில்லை, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். உங்கள் ஏழாவது வரியை மட்டுமாவது ஒழுங்காகக் கேட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஈஸ்டருக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். குழந்தையின் நெற்றியில் தாத்தா சார்பில் ஒரு சிலுவை போட்டுவிடுங்கள். பரலோக மாதா உங்கள் மூவரையும் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களை நிமிர்ந்து பார்க்க முடியாத மாமனார்,
சூ. அடைக்கலராஜ்

பி.கு.: வியாழன் காலை. சொன்னபடி டாக்டரம்மா அறைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னே அவர், "உக்காருங்க சார். நேத்து உங்க மாப்பிள்ளை போன் பண்ணார். உங்க வீட்டம்மா சொல்லித்தான் விஷயமே தெரியுமாம். 'மாமா மேல எந்தத் தப்பும் இல்ல டாக்டர், நான்தான் சரியா எழுதி அனுப்பல'ன்னு அவ்வளவு வருத்தப்பட்டார்" என்றார். மாப்பிள்ளை, அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை உண்மை பேசியிருந்தால் போதும். பேசத்தான் போனேன். என் வாய் பேசியது இது: "சின்ன வயசு, விட்டுடுங்க டாக்டர். நான் மன்னிச்சிட்டேன்."

என் வாயை இனி நம்புவதற்கில்லை. அதனால் இந்தக் கடிதத்தின் அசலை டாக்டரம்மா மேசையில் வைத்துவிட்டேன். உங்களுக்கு வருவது ஜெராக்ஸ். சில இடத்தில் மங்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.