டப்பா மேடமும் தயிர்சாத வழக்கும்

ஏற்காட்டில் பிறந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், தேனிலவுக்கு வந்து இரண்டு நாள் தங்கியவர்கள் என்று யாராக இருந்தாலும் சரி, டப்பா மேடத்தின் கையில் சிக்காமல் மலையிறங்கியதாகச் சரித்திரம் இல்லை. போலீஸ்காரர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட மறுக்கும் ஆசாமிகள்கூட, மேடம் கேட்டதை மறுநாள் காலையில் பயபக்தியோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். மேடம் கேட்டது மலம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சாப்பாட்டின் வழியாகப் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிகளை ஆராய வந்த விஞ்ஞானி, டப்பா மேடம். ஐம்பதை நெருங்கும் வயது, பனைமரத்துக்குப் போட்டியான உயரம், காட்டன் சேலைக்கு மேலே ஆண்கள் போடும் ஸ்வெட்டர். லாட்ஜின் பின்கட்டில் இரண்டு அறைகளை எடுத்துக்கொண்டார். வந்த அன்றே, மூடியில் குட்டிக் கரண்டி வைத்த வெள்ளை டப்பா ஒன்றை என் மேஜைமேல் வைத்து, "நாளைக்குக் காலைல குடுத்துடுங்க. ஃப்ரெஷ்ஷா இருக்கணும்" என்றார்.

எஸ்டேட் ஊர். வெளியூர்க்காரர். ஃப்ரெஷ்ஷாக வேண்டுமாம். நானும் நல்ல கொட்டையாகப் பொறுக்கி, வறுத்து அரைத்து, டப்பா தளும்பக் காப்பித்தூள் கொடுத்தேன். மேடம் திறந்து மோந்து பார்த்தார். "வாசனையா இருக்கு. ஆனா நான் கேட்டது காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி உள்ளது இல்ல, குடிச்சதுக்கு அப்புறம் உள்ளது" என்றார்.

மஞ்சக்குட்டை கிராமத்துக்கு ஜீப்பில் போய் வீடு வீடாக டப்பா கொடுத்தபோது ஒரு அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாளாம்: "ஏனுங்க, எங்க ஊட்டுக்குச் சோறு கேட்டு வந்திருக்காங்க, ஓட்டுக் கேட்டு வந்திருக்காங்க. இதக் கேட்டு வந்தது நீங்க ஒருத்தருதானுங்க." மேடம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இரண்டாவது டப்பாவையும் நீட்டியிருக்கிறார்.

கிருமி வளர உடம்புச் சூடு வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் அது ஏது? மரப்பெட்டிக்குள் பல்பைத் தொங்கவிட்டு அதற்குள் கண்ணாடிக் குழாய்களை அடுக்கியிருந்தார். கரண்ட் போனால் வெந்நீர்ப் பைகள் உள்ளே போகும்; பெட்டிக்கு என் லாட்ஜ் கம்பளி போர்த்தப்படும். கம்பளி கேட்டு நடுங்கிய மதுரைக் குடும்பத்தாரிடம், "கிருமிங்களுக்குப் போர்த்தியிருக்கு சார்" என்று சொல்ல எனக்கு வாய் வராமல், துவைக்கப் போட்டிருப்பதாகச் சொன்னேன்.

மலையில் மேடத்துக்கு ஒரே எதிரி, எங்கள் சமையல்காரர் மாரப்பன். நினைத்த நேரத்தில் பஞ்சுக்குச்சியோடு அடுப்படிக்குள் நுழைந்து அரிவாள்மனை, பலகை, கரண்டி எல்லாவற்றையும் துடைத்தெடுப்பார் மேடம். "கைய நீட்டுங்க" என்பார்.

"நான் என்னங்க கொலகாரனா, ரேகை எடுக்கறதுக்கு?" என்பார் மாரப்பன். டப்பாவை மட்டும் அவர் தொட்டதே இல்லை. "அது என் சொந்த விசயமுங்க."

இப்படி இருக்கும்போது ஒரு கோடையில் ஊர் விழா முடிந்து, அதற்கு உழைத்தவர்களுக்கெல்லாம் விருந்து. சமையல் எங்கள் லாட்ஜில். தலைமை, வியாபாரிகள் சங்கத் தலைவர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த விருந்தானாலும் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துக்கொண்டு, அண்டாவுக்குள் கைவிட்டுத் தயிர்சாதத்தைத் தானே பிசைவார். "நம்ம கை பட்டாத்தானுங்க ருசி" என்பார். போட்டோக்காரர் ரெடியாகும்வரை பிசைந்துகொண்டே இருப்பார். அன்றைக்குப் போட்டோக்காரர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நிரம்பிவிட்டது. வாந்தி, பேதி, காய்ச்சல். கொட்டச்சேடு கிராமத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நினைவில்லாமல் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊர் சிரிப்பதை நிறுத்தியது. சுகாதார அதிகாரி வந்து எங்கள் சமையலறையைப் பூட்டினார். தலைவர் லாட்ஜ் வாசலில் நின்று, "இந்த மாரப்பன் இனி இந்த மலைலயே கரண்டி புடிக்கக்கூடாதுங்க" என்றார். கூட்டம் தலையாட்டியது. மாரப்பன் பின்பக்கம் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் நேராக அவரிடம் போய் டப்பாவை நீட்டினார். "நான் உங்க கட்சி இல்ல, அவங்க கட்சியும் இல்ல. கிருமி என்ன சொல்லுதோ அந்தக் கட்சி." மாரப்பன் வாங்கிக்கொண்டார். முதல் முறையாக.

நோயாளிகள், பரிமாறியவர்கள், நான், எல்லோருக்கும் டப்பா. ஒவ்வொன்றிலும் நம்பர், அதே நம்பர் எழுதிய சீட்டு எங்கள் கையில். தலைவர் தானாகவே வந்து வாங்கிக்கொண்டார். "எனக்கும் குடுங்க மேடம். அதே தயிர்சாதம்தான் நானும் தின்னேன். ஒரு ஏப்பங்கூட வரலீங்க. உடம்புன்னா அப்படி இருக்கோணும்."

முதல் முடிவு இடியாக இறங்கியது. நோயாளிகளிடம் இருந்தது சால்மொனெல்லா என்ற கிருமி. மாரப்பனின் கறி வெட்டும் பலகையிலும் சால்மொனெல்லா.

"மேடம், பலகை சமாச்சாரம் வெளிய தெரிய வேண்டாமுங்க" என்று கெஞ்சினேன்.

"அதிகாரிகிட்ட இப்பத்தான் சொல்லிட்டு வரேன்" என்றார்.

மாரப்பன் ஊருக்கு மூட்டை கட்டத் தொடங்கினார். மேடம் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துகொண்டார். "ஏன் மாரப்பன், இந்த மலையில உங்க பேர்ல எத்தன பேர் இருக்காங்க?"

"இருப்பாங்க, ஊருக்கு நாலு பேருங்க."

"ஒரு மாரப்பன் கோழி திருடினா எல்லா மாரப்பனையும் புடிச்சு உள்ள போடலாமா? சால்மொனெல்லாவும் அப்படித்தான். பேர் ஒண்ணு, ஆள் வேற. கிருமிக்குள்ள இருக்கற மரபணுவைப் பிரிச்சு எடுத்து, ஜெல்லி மாதிரி ஒரு தட்டுல மின்சாரம் வெச்சு ஓடவிட்டா, ஏணிப்படியாட்டம் கோடு கோடா நிக்கும். ஒரே வம்சம்னா ஒரே கோடு. நான் வர்ற வரைக்கும் நீங்க மலையிறங்கக் கூடாது."

அந்த வசதி சமவெளியில் அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தது. குழாய்களைப் பஞ்சில் பொதிந்து, பெட்டியில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் கேட்டார்: "பொட்டில என்னங்க மேடம்?"

"சால்மொனெல்லா."

"அது எந்த ஊருப் பலகாரமுங்க?"

திரும்பி வந்தபோது மேடத்தின் கண்கள் சிவந்திருந்தன. கையில் ஒரு பெரிய போட்டோ. ஊரையே லாட்ஜ் ஹாலுக்கு வரச் சொன்னார். அதிகாரி வந்தார். டாக்டர் வந்தார். தலைவர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

மேடம் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இதெல்லாம் நோயாளிங்களோட கிருமி. கோடு எங்கெங்க நிக்குதுன்னு பாருங்க. எல்லாம் ஒரே இடம். இது மாரப்பன் பலகை. ஒரு கோடாவது ஒட்டுதா?"

ஒட்டவில்லை. பள்ளிக்கூடம் போகாதவருக்கும் அது தெரிந்தது.

"பலகையில இருந்தது கோழிக்கறிக் கிருமி. அதுக்கு மாரப்பனை நான் தனியா கவனிச்சுக்கறேன். ஆனா அது யாரையும் படுக்க வைக்கல. லாட்ஜ் ஆளுங்களுக்குன்னு, மாரப்பன் கலந்து வெச்ச அதே தயிர்சாதத்துல ஒரு குண்டான், அண்டா விருந்துக்குப் போறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிருக்காங்க. அதைச் சாப்பிட்டவங்க நல்லா இருக்காங்க. கிருமி அண்டாவுக்குள்ள அப்புறம்தான் போயிருக்கு. நோயாளிங்க கோட்டோட ஒருத்தர் கோடு மட்டும் அச்சு அசலா பொருந்துது. டப்பா நம்பர் பதினேழு. அவருக்கு நோய் இல்ல. ஆனா கிருமியைச் சுமக்கறார்; அவருக்கே தெரியாது. பேரைச் சொல்ல மாட்டேன். அவர்கிட்டத் தனியா பேசிக்கறேன்."

தலைவர் சட்டைப் பையைத் துழாவிச் சீட்டை எடுத்தார். தூரத்தில் பிடித்துப் படித்தார். கிட்டத்தில் பிடித்துப் படித்தார்.

"பதினேழு நம்முளுதாச்சுங்களே" என்றார், ஹாலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

அப்புறம் எழுந்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும். இது குத்தம் இல்ல. வெளிய போயிட்டு வந்தா சோப்புப் போட்டுக் கை கழுவணும், சமையலுக்குள்ள கைவிடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். தலைவரும் அந்த விஷயத்தில் பெரிய மனுஷர்தான். எழுந்து மாரப்பன் முன்னால் போய்க் கைகூப்பினார். "மன்னிச்சுக்கோணுமுங்க." அன்று மாலை சமையலறைப் பூட்டுத் திறந்தது. மூன்று பேர் சுமந்து வந்து அடுப்படிக்குள் மாரப்பனை இறக்கிவிட்டார்கள். இறங்கியதும் மேடம் அவர் கையில் இரண்டு புதுப் பலகைகளைக் கொடுத்து, "ஒண்ணு கறிக்கு, ஒண்ணு காய்க்கு. மாத்தினா நானே பூட்டுவேன்" என்றார். கொட்டச்சேட்டுப் பெண் பிழைத்து வந்து, அடுத்த மாதமே ஆண்பிள்ளை பெற்றாள். தலைவர் அதன்பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி வாசலில் சோப்போடு நின்றார். கை கழுவாமல் மாப்பிள்ளையையே உள்ளே விடவில்லை.

ஆராய்ச்சி முடிந்து மேடம் கிளம்பிய நாளில் பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். மாரப்பன் கட்டுச்சோறு கொடுத்தார். தலைவர் மாலை போட்டார். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. அது கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் தாண்டி அடிவாரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றும்வரை, ஒரு வேலையும் இல்லாமல் நாங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.