பேக்கப்புக்கு ராக்கையாவே போதும்

தேனி,
12-9-1988.

அன்பு மைத்துனன் ஏசுதாசனுக்கு, தேனி கிருபா பார்சல் சர்வீஸ் உரிமையாளரும் உன் அக்காள் சொர்ணலதாவின் கணவனுமாகிய பொன்னுராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே அனைவரும் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் சென்னைப் பட்டணத்தில் தண்ணீர்க் கஷ்டமின்றிச் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் குடும்ப ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். அனைவரும் சுகம் என்று எழுதினேனே, அதில் நீ அனுப்பிவைத்த கம்ப்யூட்டரைச் சேர்க்கவில்லை.

உன் மூன்றாம் தேதிக் கடிதம் கிடைத்தது. ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த மிஷினுக்கு வருகிற சனிக்கிழமையோடு கெடு முடிகிறதென்றும், அதற்குள் மூன்று விஷயத்தில் நான் முடிவு சொல்ல வேண்டுமென்றும் எழுதியிருந்தாய். சர்வர் என்கிற தலைமை மிஷின் இப்போது இருக்கிற அளவு போதுமா, பெரியது வேண்டுமா. பிரிண்டர் குறுகலானதா, அகலமானதா. மிஷினுக்குள் இருப்பதை நகல் எடுத்து வெளியே பத்திரமாக வைக்கிறார்களே, அந்த பேக்கப்புக்கு பிளாப்பி என்கிற தகடா, பெட்டிக்குள் சுற்றிய டேப்பா. இவ்வளவும் சரி. கடைசியில் சின்ன எழுத்தில், "மிஷின் நிலைத்துவிட்டால் ராக்கையா மாதிரி ஓர் ஆள் மிச்சம் அத்தான், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அறுபத்து நாலில் ஒரு பழைய வேனும் ஒரு தகரக் கொட்டகையுமாக நான் தொழில் ஆரம்பித்த அன்றிலிருந்து குடோன் அவர் பொறுப்பு. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எந்த மூட்டை கம்பத்துக்கு, எது தேவாரத்துக்கு, எதை எந்தக் கடைப் படியில் இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். இருபத்து நாலு வருஷத்தில் ஒரு பார்சல் கை மாறிப் போனதில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் எந்த முகத்தோடு கல்லாவில் உட்காருவேன் என்று நீ யோசித்தாயா தெரியவில்லை.

மிஷின் வந்த நாளிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் என் முடிவு உனக்கு விளங்கும். தலைமை மிஷினுக்குக் குளிர் வேண்டுமென்று நீ சொன்னதால் என் அறையை அதற்குக் கொடுத்து ஏ.சி. போட்டு, நான் வெளியே வந்து பெருங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணி ஆரம்பித்துவைத்தார். அவர் தலை மறைந்ததும் லோடுமேன் அழகர் மிஷினுக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டான். எதற்கும் இரண்டு பக்கமும் பாதுகாப்பு இருக்கட்டும் என்று நானும் அதை எடுக்கச் சொல்லவில்லை. அறைக்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அழகர், மிஷின் ஓடுகிறதா என்று பார்த்துவரப் போவான். இரண்டரை வரை பார்ப்பான். மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவந்த என் மகள், உன் மருமகள் ஜெபராணிதான் எல்லாவற்றையும் இயக்குகிறாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரிண்டர் இருக்கிறதே, அது தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கத்த ஆரம்பித்தால் பக்கத்து ஜவுளிக் கடையில் சேலை பார்க்கிற பெண்கள் எழுந்து வெளியே வருகிறார்கள். மூன்று மாதம் வரும் என்று நீ சொன்ன பேப்பர் பெட்டி மூன்று வாரத்தில் காலி. எங்கே போகிறது என்று ஜெபராணியைக் கேட்டேன். "டெஸ்ட் பிரிண்ட்ப்பா" என்றாள். தினமுமா என்று கேட்டதற்கு, "தினமும் டெஸ்ட் பண்ணினாத்தாம்ப்பா நல்லது" என்றாள். எனக்குத் தெரியாத விஷயமாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது நீ சொன்ன புத்திமதி. பார்சல் மேல் பெயரும் ஊரும் எழுதுவது வீண் வேலை, நம்பர் மட்டும் போட்டால் போதும், மற்றதை மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று நீ போனில் சொன்னாய். ரசீதுக்குக் கார்பன் வைத்து நம்மிடம் ஒரு நகல் எடுத்துவைப்பதையும் நிறுத்தச் சொன்னாய். இரண்டையும் செய்தேன். அப்படிச் செய்தபின் பெயர் எழுதுகிற வேலையும் போய் ராக்கையா கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான், "ராக்கையாண்ணே, பேக்கப்ப நீங்க பாத்துக்கங்க. இந்த பிளாப்பிக்குள்ளதான் நம்ம கம்பெனியே இருக்கு. ஒண்ணு தொலையக் கூடாது" என்று ஒப்படைத்தேன். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தினமும் சாயங்காலம் ஜெபராணி கொடுக்கிற பிளாப்பியை வாங்கிக்கொண்டு குடோனுக்குள் போவார். பதினெட்டு நாள் ஒரு நாள் தவறவில்லை.

போன செவ்வாய்க்கிழமைதான் கஷ்டகாலம் வந்தது. முந்தின நாள் லாரி ஆண்டிபட்டியில் பிரேக் பிடிக்காமல் நின்றுவிட்டதால் இரண்டு நாள் பார்சல், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு, குடோனில் குவிந்து கிடந்தன. சாயங்காலம் ஆறு மணிக்குச் சாரல் காற்றில் கரண்டு போயிற்று. நீ கொடுத்த யு.பி.எஸ். கால் மணி நேரம் தாங்கும், அதற்குள் முறைப்படி மிஷினை நிறுத்திவிடலாம் என்று ஜெபராணி பதறாமல்தான் இருந்தாள். ஆனால் தெருவே இருட்டாயிருக்க, யு.பி.எஸ். பெட்டியில் மட்டும் விளக்கு எரிவதை உன் அக்காள் பின்கட்டிலிருந்து பார்த்துவிட்டாள். பாதி அரைத்த மாவு கிரைண்டரில் கிடந்தது. அவள் ஒயரை இழுத்துவந்து அதில் சொருகினாள். கிரைண்டர் இரண்டு சுற்றுச் சுற்றியது. யு.பி.எஸ். பெட்டி ஒரு சத்தம் போட்டது. அதோடு மிஷினும் படுத்தது, மாவும் புளித்தது. இதில் யாரைக் குறை சொல்வது? நான் என் பெண்சாதியைச் சொல்ல முடியாது, நீ உன் அக்காளைச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை மதுரையிலிருந்து நீ அனுப்பிய என்ஜினியர் தம்பி வந்தார். மிஷினைக் கழற்றிப் பார்த்து, உள்ளே இருக்கிற வட்டு கீறிப்போய்விட்டது, ஒன்றும் மிஞ்சவில்லை என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பேக்கப் இருக்குல்ல சார்? அரை மணி நேர வேலை" என்றார். நான் ராக்கையாவைக் கூப்பிட்டேன். அவர் பில் குத்துகிற கம்பி ஸ்டாண்டைப் பெருமையோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பதினெட்டு பிளாப்பியும் தேதி வாரியாக, அலுங்காமல் குலுங்காமல், கம்பியில் குத்தப்பட்டிருந்தன. இருபத்து நாலு வருஷமாக இந்தக் கடையில் ஒரு துண்டுச் சீட்டுத் தொலைந்ததில்லை என்றால் அந்தக் கம்பிதான் காரணம். என்ஜினியர் தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தகட்டில் நடுவிலேயே ஒரு ஓட்டை இருக்கிறதே, அதிலாவது கோத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். "அது பெரிய ஓட்டை மொதலாளி, கம்பில நிக்காம ஆடுது. அதேன் கொஞ்சம் தள்ளி நானா ஒண்ணு போட்டேன்" என்றார். என்ஜினியர் தம்பி தண்ணீர் கேட்டார்.

இப்போது என் நிலைமையைப் பார். குடோனில் இருநூற்றுப் பன்னிரண்டு பார்சல். எல்லாவற்றின் மேலும் நம்பர், ஒன்றின் மேலும் பெயரில்லை. பார்சல் புக் பண்ணிய கடைக்காரர்கள் கையில் ரசீது இருக்கிறது. ஆனால் கடை கடையாக ஏறி, "நீங்கள் யாருக்கு என்ன அனுப்பினீர்கள் என்று எனக்கு மறந்துவிட்டது" என்று பொன்னுராஜ் போய்க் கேட்டால், இத்தனை வருஷம் சம்பாதித்த பேர் அன்று மத்தியானத்துக்குள் போச்சு. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். ராக்கையா பக்கத்தில் வந்து, "ஒரு எட்டு வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு வந்துர்றேன் மொதலாளி. ஒவ்வொண்ணா நான் சொல்றேன்" என்றார். "குலசாமியக் கும்பிட்டு வருவாக" என்று அழகர் என் காதில் சொன்னான். ஒரு மணி நேரத்தில் திருநீறோடு திரும்பி வந்தார் மாப்பிள்ளை. வந்து ஒவ்வொரு பார்சல் மேலும் கையை வைத்துச் சொல்லச் சொல்ல, ஜெபராணி மை போட்டுப் பேர் எழுதிக்கொண்டே போனாள். "நூத்திப் பதினேழு. சுருளிப்பட்டி தவசி. மோட்டாருக்கு பெல்ட்டு. நூத்திப் பதினெட்டு. மயிலாடும்பாறை மொக்கம்மா. மக கலியாணச் சேலை. ஏலே அழகரு, அது மேல எதையும் அடுக்கிறாத." பத்துப் பார்சலுக்கு ஒரு தரம் வெற்றிலை துப்பிவிட்டு வருகிறேனென்று குடோனுக்குப் பின்னால் போய் வந்தார். மொத்தம் இருபத்தோரு தரம் போனார். பிறகு நான் அந்தப் பக்கம் போனபோது சுவரில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. எவ்வளவு சுத்தமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு லாரி புறப்பட்டது. இன்றுவரை ஒரு பார்சலாவது மாறி வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ராக்கையாண்ணே, இனிமே இந்தக் கம்பெனிக்கு பேக்கப் நீங்கதான்" என்று சொன்னேன். அவர் சந்தோஷப்படுவாரென்று பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவு அடக்கம்.

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள். சர்வர் சின்னதும் வேண்டாம், பெரியதும் வேண்டாம். பிரிண்டர் குறுகலானதும் வேண்டாம், அகலமானதும் வேண்டாம். பேக்கப்புக்கு ராக்கையாவே போதும், அவருக்கு ஏ.சி. வேண்டாம், கரண்டு வேண்டாம், உன் அக்காள் எந்தப் பிளக்கில் எதைச் சொருகினாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. சனிக்கிழமை நம் லாரியிலேயே எல்லாவற்றையும் வைக்கோல் சுற்றி அனுப்பிவைக்கிறேன். பேரும் விலாசமும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். இதைச் சொன்னதிலிருந்து ஜெபராணி என்னோடு பேசுவதில்லை. பிள்ளைக்கு மிஷின் மேல் ஆசை, போகப் போகச் சரியாகிவிடும்.

உனக்கும் உன் வீட்டாருக்கும், உன் வியாபாரத்துக்கும்கூட, ஆண்டவர் குறைவில்லாமல் கொடுப்பாராக. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. அக்காள் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். கிரைண்டரைப் பற்றி எழுத வேண்டாமென்றும் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
பொன்னுராஜ்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை எடுக்கிற நேரத்தில் ராக்கையா வந்து வாசலில் நின்றார். "மிஷினத் திருப்பி அனுப்பப் போறீகளாமே மொதலாளி?" என்றார். "நீங்க இருக்கையில அது எதுக்குண்ணே?" என்றேன். அவர் மடியை அவிழ்த்து, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட பேப்பர் கத்தை ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். நம் பிரிண்டர் அடித்த பேப்பர். ஒவ்வொரு நாள் பார்சலும் நம்பர் வாரியாக இங்கிலீஷில் இருக்க, பக்கத்திலிருக்கிற நூலளவு இடத்தில் ஜெபராணி சிவப்பு மையில் பேரையும் ஊரையும் தமிழில் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறாள்.

"போன தையிலருந்து எனக்கு ஒண்ணும் நெனப்புல நிக்க மாட்டேங்குது மொதலாளி. காலையில சோறு தின்னேனான்னு வீட்டுக்காரியக் கேக்குறேன். பாப்பா ஒருத்திக்குத்தேன் தெரியும். அதுதேன் அன்னன்னைக்கு இத அடிச்சுக் குடுத்துரும். வீட்டுல வச்சுப் படிச்சுட்டு வருவேன். வெளிய தெரிஞ்சா வேலைக்கு வர வேணாம்னு சொல்லிருவீகளோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். இப்ப மிஷினு போயிருச்சுன்னா நான் எதப் பாத்துப் படிக்க? நீங்க வேற எல்லார் முன்னாலயும் என்னயப் பேக்கப்புனு சொல்லிட்டீக."

"அப்ப அந்த வெத்தல?" என்றேன். "வெத்தலய விட்டு ரெண்டு வருசமாச்சு மொதலாளி" என்றார். தினமும் எதிரில் நிற்கிற மனுஷன் வெற்றிலையை விட்டதைக்கூட நான் பார்க்கவில்லை மாப்பிள்ளை. எனக்கு வெட்கமாயிருந்தது.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள். ராக்கையாவை அனுப்புகிற பேச்சை இனி நீ எடுக்கக் கூடாது, மிஷினை அனுப்புகிற பேச்சை நானும் எடுக்கமாட்டேன். சர்வர் இருக்கிறதே போதும், யு.பி.எஸ். மட்டும் கிரைண்டரையும் சேர்த்துத் தாங்குகிற மாதிரி அனுப்பு. பேக்கப்புக்கு டேப்பே இருக்கட்டும், அந்தப் பெட்டிக்குள் கம்பி இறங்காது என்று ராக்கையாவே உறுதி சொல்கிறார். பிரிண்டர் அகலமானது வேண்டும். ஜெபராணி தமிழில் எழுத இடம் போதவில்லை.