துப்பாக்கிக் கடைக்குத் துணை போன பன்றி

ஒரு காட்டில் ஒரு சிறுத்தை துப்பாக்கி வாங்கியது. இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு காட்டுப்பன்றி. நானும் பல வருஷங்களாக இதைப் பலரிடம் சொல்லி வருகிறேன். ஆனால் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. சிறுத்தை துப்பாக்கி வாங்கியதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இந்தக் காலத்தில் யார்தான் எதைத்தான் வாங்கவில்லை? பன்றி இந்தக் கதையை முடிக்கும் விதத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

சிறுத்தையின் பெயர் பூதப்பாண்டி. வயதாகிவிட்டது. கோரைப்பற்கள் ஆட ஆரம்பித்தன. பல் வைத்தியம் பார்க்கும் மரங்கொத்தி ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இட்லிக்குத் தாங்கும், கழுத்துக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டது. மூட்டுவலி வேறு. துரத்தினால் மான் நின்று திரும்பி, "மெதுவா வாங்க அண்ணாச்சி, நான் எங்கயும் போகல" என்று சொல்லுகிற நிலைமை.

அந்த அவமானம் தாங்காமல் சிறுத்தை துப்பாக்கி உரிமம் கேட்டு வரிசையில் போய் நின்றது. விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று எழுதியிருந்தது. அங்கே அதிகாரியாக இருந்த ஆமை, "உங்களுக்கு ஏது பயிர்?" என்று கேட்டது.

"புல்லு இருக்குல்லா? மானு வந்து மேயுது."

ஆமை ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தது.

எங்கள் பக்கத்தில் பெரிய சாமான் எதையும் யாரும் தனியாகப் போய் வாங்குவதில்லை. பம்ப்செட் வாங்கினாலும் மாடு வாங்கினாலும் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவோம். அவர் பொருளைத் தட்டிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். கடைக்காரர் வரவழைத்துக் கொடுக்கும் காப்பியைக் குடிப்பார். கடைசியில் அவர் கைகாட்டியதைத்தான் வாங்கி வருவோம். காட்டிலும் இதுதான் வழக்கம். துப்பாக்கியில் விவரம் தெரிந்தவர் யார் என்று சிறுத்தை விசாரித்தது. எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். காட்டுப்பன்றி கருத்தையா.

கருத்தையா துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் நிறையச் சுடப்பட்டிருந்தது. ஒரு எஸ்டேட் முதலாளியின் உயர்ந்த ரகத் துப்பாக்கி அதன் காதை ஓட்டை போட்டிருந்தது. ஒரு வாழைத்தோட்டக்காரரின் மலிவு ரகம் பின்தொடையில் ஒரு குண்டை வைத்துவிட்டுப் போயிருந்தது. அமாவாசை வந்தால் அந்த இடம் வலிக்கும். இதைவிட அனுபவஸ்தர் கிடைப்பாரா?

சிறுத்தை பன்றியின் சேற்றுக்குழி ஓரமாக வந்து உட்கார்ந்தது.

"என்னவே கருத்தையா, நாளைக்கு ஏதும் சோலி இருக்கா?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. என்ன விஷயம்?"

"ஒரு துப்பாக்கி எடுக்கணும். நீரு கூட வாரும். உமக்குத்தான் அதுல அனுபவம்."

"யாரைச் சுடுததுக்கு?"

சிறுத்தை கொஞ்சம் நெளிந்தது. "முதல்ல உம்மளத்தாம்வே. மானு ஓடிரும். நீரு கனத்த ஆளு, குறி வைக்க வாகா இருக்கும். தப்பா எடுத்துக்கிடாதயும்."

"சேச்சே, இதுல என்ன அண்ணாச்சி" என்றது பன்றி. மதித்துக் கூப்பிட்டவரிடம் மாட்டேன் என்று சொல்ல அதற்கு வராது.

பெண்டாட்டி பேச்சியம்மாள் கேட்டதும் கொதித்துவிட்டது. "ஒங்களுக்குக் கூறு இருக்கா? ஒங்களைச் சுடப்போற துப்பாக்கிக்கு ஒங்களையே துணைக்குக் கூப்பிடுதாரு, நீங்களும் தலையாட்டிட்டு வந்திருக்கிய!"

"நம்மள ஒரு ஆளா நெனச்சுக் கூப்புட்டாருல்லா."

பேச்சியம்மாள் குட்டிகளைப் பார்த்தது. கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. "சரி, போறதுதான் போறிய. ஒண்ணே ஒண்ணு செஞ்சிட்டு வாங்க. எதுல போல்ட்டு சிக்குதோ, அதுதான் நல்லதுன்னு சொல்லிருங்க."

பேச்சியம்மாள் விவரமான பன்றி. இந்த வகைத் துப்பாக்கியில் ஒரு குண்டு வெடித்தால் அடுத்த குண்டு தானாக வராது. பக்கவாட்டில் போல்ட் என்று ஒரு கைப்பிடி இருக்கும். அதை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கினால்தான் அடுத்த குண்டு ஏறும். அந்த இடைவெளியில்தான் கருத்தையா இத்தனை நாள் உயிர் பிழைத்திருந்தது. காது போனபோதும் சரி, தொடை போனபோதும் சரி, சுட்டவர் போல்ட்டை இழுத்து மடக்குவதற்குள் இது புதருக்குள் போயிருந்தது. போல்ட் சிக்கினால் பன்றி பிழைக்கும். சறுக்கிக்கொண்டு போனால் பன்றி கறிதான்.

"பிள்ளைகள நெனச்சுக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பியது பேச்சியம்மாள்.

துப்பாக்கிக் கடை மலையடிவாரத்தில் இருந்தது. முதலாளி மரநாய், பெயர் ஆவுடைநாயகம். இவர்கள் உள்ளே வந்ததும் இருவருக்கும் காப்பி சொன்னது. மேஜையில் ஒரு வெல்வெட் துணியை விரித்து இரண்டு துப்பாக்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது.

"இது பட்ஜெட்டு அண்ணாச்சி. தோள்ல வைக்கிற கட்டை பிளாஸ்டிக்கு. மழையில நனையலாம், சேத்துல விழலாம், தொடச்சிட்டுச் சுட வேண்டியதுதான். இது பிரீமியம். வால்நட் மரம். ஒரு ஆளு உக்காந்து கையால இழைச்சது. பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிடணும்."

"குறி எப்படி?" என்றது சிறுத்தை.

"பொய் சொல்ல மாட்டேன். குறி ரெண்டுக்கும் ஒண்ணுதான். வச்ச இடத்துல போடும்."

"அப்ப விலையில எதுக்கு இம்புட்டு வித்தியாசம்?"

"அது கையில பிடிச்சாத்தான் தெரியும்."

"எனக்குத் தெரிய வேண்டாம். அந்த பிளாஸ்டிக்கையே கட்டும்" என்றது சிறுத்தை. காசு விஷயத்தில் பூதப்பாண்டி எப்போதும் கெட்டி.

காரியம் தானாக முடிந்துவிட்டது. கருத்தையா இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆனால் விவரம் தெரிந்தவர் என்று கூட்டிவந்த ஆள் ஒன்றுமே சொல்லாமல் எப்படித் திரும்புவது? கடைக்காரன் என்ன நினைப்பான்? பன்றி தொண்டையைச் செருமிக்கொண்டு மலிவுத் துப்பாக்கியின் போல்ட்டை இழுத்துப் பார்த்தது. சிமெண்டுத் தரையில் கட்டிலை இழுத்த மாதிரி கரகரவென்று வந்தது. பாதியில் சிக்கியது. "பரவால்ல" என்றது பன்றி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு ஒப்பீட்டுக்காக மற்றதையும் இழுத்துப் பார்த்தது.

விளக்கெண்ணெய் விட்ட தாழ்ப்பாள் மாதிரி சத்தமே இல்லாமல் அது பின்னால் போனது. முன்னால் வந்தது. மடக்கியபோது 'சொக்' என்று ஒரு சின்னச் சத்தம். பன்றி மறுபடியும் இழுத்தது. மறுபடியும். மரக்கட்டையில் ஓடிய ரேகைகளை மூக்கால் தொட்டுப் பார்த்தது. இத்தனை வருஷமாக இந்த மாதிரி ஒரு பொருளுக்கு எதிர்த்திசையிலேயே நின்றிருக்கிறோமே என்று இன்னொரு தடவை இழுத்து மடக்கியது.

"அண்ணாச்சி, அந்த பிளாஸ்டிக்கக் கீழ வையுங்க."

"ஏம்வே?"

"வாளிக்குக் கைப்பிடி போட்ட மாதிரி இருக்கு. நாளைக்கு நான் செத்துக் கெடக்கேன்னு வையுங்க. நாலு பேரு பாக்க வருவான். எதால சுட்டாருன்னு கேப்பான். இதாலன்னு சொன்னா எனக்குல்லா கேவலம்?"

"விலை கூடுதல்வே."

"ஒரு தடவதான எடுக்கோம்? ஒங்க தாத்தா கொட்டாவி விட்டா அந்தப் பல்லப் பாத்துக் காடே நடுங்கும். அந்தக் குடும்பத்து ஆளு கையில பிளாஸ்டிக்கா? மானு சிரிக்காதா?"

மான் என்றதும் சிறுத்தையின் முகம் மாறியது. ஆவுடைநாயகம் சத்தம் காட்டாமல் இன்னொரு காப்பியும் உளுந்தவடையும் சொன்னது. சிறுத்தை உயர்ந்ததையே வாங்கியது.

வீட்டில் பேச்சியம்மாள் வாசலிலேயே நின்றது. "எதுவும் சிக்குச்சா?"

"ஒண்ணு சிக்குச்சு."

"அதத்தான எடுத்தாரு?"

பன்றி தரையைப் பார்த்தது. "இல்ல, மத்தது. நான்தான் சொன்னேன். நீ அந்தப் போல்ட்ட ஒரு தடவ பாக்கணுமே பேச்சி."

பேச்சியம்மாள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியது. குழியைத் தாண்டும்போது மட்டும் திரும்பி, "பதினாறாம் நாளு விசேஷத்துக்குச் சொல்லிவிடச் சொல்லுங்க, வாரேன்" என்றது.

பன்றி தனியாகக் காத்திருந்தது. சிறுத்தை வரவில்லை. முதல்நாள் தூறல். வால்நட் மரம் ஈரத்தில் உப்பிக்கொள்ளுமாம். மறுநாள் நல்ல வெயில். வெயிலில் மெருகு வெளுத்துப்போகுமாம். அடுத்த நாள் கிளம்பிப் பாதி தூரம் வந்தது. வழியில் உண்ணிச்செடிப் புதரைப் பார்த்துத் திரும்பிவிட்டது. முள் கீறிவிடுமாம். இடையில் துப்பாக்கியைப் பார்க்க வந்தவர்கள் வேறு. மயில் வந்து பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டது. ஓணான் வந்து தலையாட்டியது. சிறுத்தை யாரையும் தொட விடவில்லை.

கடைசியில் மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ஒரு காலை வந்தது. சிறுத்தையும் வந்தது.

கருத்தையா கழுத்தளவு சேற்றில் இருந்தது. தொடை வலி. ஓடினாலும் அந்த போல்ட்டை மிஞ்சி ஓட முடியாது என்று அதற்குத் தெரியும். கடையில் அதை இழுத்துப் பார்த்ததே இந்தப் பன்றிதானே. சிறுத்தை ஒரு பாறைமேல் துப்பாக்கியை வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, ஒரு கண்ணை மூடியது. பன்றி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. குட்டிகள் முகம் வந்தது.

சரக் என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

பன்றி கண்ணைத் திறந்தது. சிறுத்தை துப்பாக்கியைத் திருப்பி வைத்துக்கொண்டு, எச்சில் தொட்டு அடிக்கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"ஏவே, பாறையில உரசிட்டு. கோடு விழுந்திருக்கா பாரும்."

பன்றி சேற்றிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்தது.

"கிட்ட வராதயும்! சேறு! அங்கனயே நின்னு பாரும்!"

பன்றி அங்கேயே நின்று எட்டிப் பார்த்தது. "லேசாத் தெரியுது அண்ணாச்சி."

சிறுத்தைக்கு அழுகை வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துப்பாக்கிக்குச் சுற்றியது. "இந்த இடம் சரியில்லவே. நல்ல நாளாப் பாத்து, காஞ்ச இடமாப் பாத்து வச்சுக்கிடுவோம்."

"நீங்க சொன்னாச் சரி" என்றது பன்றி.

அந்த நல்ல நாள் இன்றுவரை வரவில்லை. பூதப்பாண்டி குகையில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறது. சாப்பாட்டுக்கு மலையடிவாரக் கடையில் ஈரல் வாங்கிக் குழைய வேகவைத்துக்கொள்கிறது. பேச்சியம்மாள் திரும்பி வந்துவிட்டது. காட்டில் கருத்தையாவுக்கு இப்போது பெரிய மரியாதை. குக்கர் வாங்குவதற்குக்கூட அதைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறார்கள்.

பன்றி கதையை இப்படி முடிக்கும்: "உசத்தியா வாங்குனவன் அதை வெளிய எடுக்க மாட்டான்னு எனக்கு அங்க கடையிலயே தெரியும். அதான் அப்படிப் பேசுனேன்." கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பேச்சியம்மாள் மட்டும் பக்கத்தில் நின்று மூக்கால் ஒரு சத்தம் விடும்.

அந்த இடத்தைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. நானும் என் வாழ்க்கையில் தற்செயலாகச் சரியாகிப்போன காரியங்களை எல்லாம் யோசித்துச் செய்ததாகத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். போன வாரம் சாயங்காலம் என் மரவள்ளித் தோட்டத்தில் கருத்தையா கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. விரட்டவில்லை. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டே விட்டேன்.

"கருத்தையா, பேச்சியம்மா இல்ல, யாரும் இல்ல. உண்மையச் சொல்லும். அன்னைக்குக் கடையில நீரு பேசுனது உம்ம உசுருக்காகவா, அந்தப் போல்ட்டுக்காகவா?"

கருத்தையா கிழங்கைக் கீழே போட்டுவிட்டு, இல்லாத ஒரு போல்ட்டை மூக்கால் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்கி, 'சொக்' என்றது.

நீதி: உங்களைக் கொல்ல நினைப்பவருடன் கடைக்குப் போக நேர்ந்தால், இருப்பதிலேயே விலை உயர்ந்ததைக் கைகாட்டுங்கள். மலிவாக வாங்குகிறவன் அதைப் பயன்படுத்திவிடுவான்.