கண்ணாடிச் சித்தரின் கமண்டலம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் இப்போதெல்லாம் நிற்கக்கூட இடமில்லை. அத்தனை பேரும் அரங்கனைச் சேவிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. பாதிக் கூட்டம் அம்மா மண்டபத்தில் இறங்கிக் கண்ணாடிச் சித்தரின் கூடத்துக்கு ஓடுகிறது.

சித்தரிடம் மரச்சட்டம் போட்ட ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு; முகம் பார்க்கிற கண்ணாடி அல்ல, மறுபக்கம் தெரிகிற கண்ணாடி. அதன் பின்னால் நாம் நிற்க வேண்டும். சித்தர் கமண்டலத்தைச் சட்டத்தின் கீழ்ப்பலகையில் வைத்து முணுமுணுப்பார். தோஷம் இருந்தால் கண்ணாடி மெல்ல நீலமாகும். வளையலைக் கழற்றி வைத்தால் மறுபடி தெளியும். வெறுங்கையோடு வந்தவர்களுக்கு மட்டும் தோஷமே கிடையாது. கிரகங்களுக்கும் நகைக்கும் அப்படி என்ன உறவோ!

"கரண்டு வேலைன்னு நினைக்கிறவங்க மெயினை அணைச்சுக்கலாம்!" என்பார். அணைப்பார்கள். ஃபேன் நிற்கும், நீலம் அப்படியே இருக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அன்று திருவெறும்பூர் ரஞ்சனியின் முறை. அரவிந்தனோடு அவளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. அவன் அம்மா பானுமதிதான் இழுத்து வந்திருந்தார். கண்ணாடி நீலமானது.

"ரெண்டு கை வளையலும் பரிகாரம். இல்லேன்னா கல்யாணத்தை நிறுத்திடுங்க" என்றார் சித்தர். அரவிந்தன் நகத்தைக் கடித்தான். ரஞ்சனிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது.

"இதோ, கழட்டி வெச்சுட்டேன் சாமி. சக்தி எதுல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"காவேரித் தீர்த்தத்துலயும் மந்திரத்துலயும்!"

"அப்ப கமண்டலத்துக்குப் பதிலா இந்தச் சொம்பை வெச்சு, நீலம் தெளியுற மந்திரத்தைச் சொல்லுங்க. இதுவும் காவேரித் தண்ணிதான்."

கூட்டம் பார்க்கிறதே, மறுக்க முடியுமா? சொன்னார். தொண்டை கட்டும்வரை சொன்னார். நீலம் அசையவில்லை.

"காலையிலேருந்து வரிசையில நின்னு பார்க்குறேன். தோஷம்னா கமண்டலத்தோட மூக்கு வாசல் பக்கம். வளையல் விழுந்ததும் சுவர் பக்கம்" என்ற ரஞ்சனி, கமண்டலத்துத் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றினாள். காலிக் கமண்டலத்தை, மூக்கு சுவரைப் பார்க்க, பலகையில் வைத்தாள். மந்திரமே இல்லை. கண்ணாடி தெளிந்தது. திருப்பி வைத்தாள். நீலம்!

"அத்தை, எனக்குத் தோஷம் இருக்கா, இல்லையா?"

பானுமதி அதைத் தானே எடுத்துத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். கடைசியில் மூக்கை வாசல் பக்கம் வைத்துவிட்டு, சித்தரின் கையைப் பிடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் தள்ளினார். "சாமி, கொஞ்சம் நில்லுங்க." ஆள் பாதம்வரை நீலமானார். கூடமே சிரித்தது.

கமண்டலத்தின் அடியைத் திறந்தால் இரண்டு பென்சில் பேட்டரிகள். கீழ்ப்பலகையில் இரண்டு செப்புப் பொட்டுகள்; கமண்டலத்தைத் திருப்பினால் மின்சாரம் பாயும் திசையும் திரும்பும். மின்சாரம் ஒரு பக்கமாகப் பாய்ந்தால் நிறமேறும், எதிர்ப்பக்கமாகப் பாய்ந்தால் வெளுக்கும் பூச்சு அந்தக் கண்ணாடியில். ஏறிய நிறம் கரண்டு இல்லாமலும் சற்று நேரம் நிற்கும். தேவரகசியம் அவ்வளவுதான்.

வளையல்கள் உரியவர்களிடம் திரும்பின. பானுமதி ரஞ்சனியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சுடும்மா. நாளைக்கே பத்திரிகை அடிச்சுடலாம். எதுக்கும் மலைக்கோட்டையில ஒரு கிளி ஜோசியர் இருக்காராம்…"

"அத்தை!"

கண்ணாடிக்கு இரண்டு பேட்டரி போட்டதும் தெளிந்துவிட்டது. நமக்கு எத்தனை போட வேண்டுமோ?