பணிநீட்டிப்புப் பெற்ற இளைஞர்

ஓர் ஊரில் இளைஞர் நலத்துறை இயங்குகிறது என்றால், அவ்வூரில் இளைஞர்களும் இருப்பார்கள் என்பது அரசாங்கத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஒருவர் இருந்தார்.

அவரை ஊரே தம்பி என்று அழைத்தது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகப் பேருந்தேறிப் போனபின், தம்பியும் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனார். பதிவுபெற்ற இளைஞர் ஊரைவிட்டு வெளியேற வேண்டுமானால் துறையின் தடையின்மைச் சான்று தேவை என்று நடத்துநர் கையை விரித்துவிட்டார். "வந்ததுதான் வந்தே, மேல கிடக்கிற மூட்டையெல்லாம் இறக்கிக் குடுத்துட்டுப் போ" என்றும் சொன்னார்.

ஊரில் மற்ற எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்றுவது தம்பி. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவதும் தம்பிதான். சவ ஊர்வலத்தில் பாடையின் முன்பக்கம் அவருடைய தோளில் இருக்கும். பின்பக்கத்துக்குச் சக்கரம் பூட்டியிருந்தார்கள். தீயணைப்பு நிலையத்தில் ஏணியேறும் பொறுப்பும் அவரிடமே இருந்தமையால், தீப்பிடிக்கும் உத்தேசம் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தார்கள். ஆண்டுதோறும் நடந்த இளைஞர் ஓட்டப் பந்தயத்தில் அவரே ஓடி அவரே வென்றார். கடும் போட்டிக்கிடையே வென்றதாகத் துறை அறிவித்தது.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. உட்கார வேண்டும். விதிப்படி முப்பத்தைந்து வயதோடு இளமை முடிகிறது. அதற்குமேல் கடையிலும் அலுவலகத்திலும் நிறுத்தத்திலும் நாற்காலி உண்டு. அதுவரை நிற்க வேண்டியதுதான். படியேறும்போது அவருடைய முழங்கால்கள் எண்ணெய் போடாத கதவுபோல் முனகத் தொடங்கியிருந்தன.

"எனக்கு முப்பத்தஞ்சு முடிஞ்ச அன்னிக்கு உட்கார்ந்தவதான்டா, இன்னும் எழுந்திருக்கல" என்றாள் மாடியில் தையற்கடை வைத்திருந்த அக்கா. "உனக்கும் ஒருநாள் விடியும். அதுக்குள்ள அந்த மெஷினைக் கொஞ்சம் ஜன்னல்பக்கமா நகர்த்து."

அந்த நாளும் வந்தது. தம்பி புதுச்சட்டை போட்டுக்கொண்டு துறை இயக்குநர்முன் நின்றார். இயக்குநர் ஓய்வுபெற்று, நீட்டிப்புப் பெற்று, அந்த நீட்டிப்புக்கும் நீட்டிப்புப் பெற்றவர்.

"ஐயா, இன்னையோட முப்பத்தஞ்சு முடிஞ்சுது."

"என்ன தம்பி, தலையில கல்லைத் தூக்கிப் போடறே? நீ இளைஞன் இல்லேன்னா இந்தத் துறை எதுக்கு? நாங்க இத்தனை பேர் எங்க போறது?"

"முதியோர் நலத்துறைக்குப் போங்களேன்."

"அங்க போனா நமக்கு நலம் செய்வாங்கப்பா. உத்தியோகம் குடுப்பாங்களா?"

மாலைக்குள் திருத்தம் வெளியாயிற்று: 'இவ்வூரில் வயதிற் குறைந்தவர் எவரோ, அவரே, வயது யாதாயினும், இளைஞர் எனக் கொள்ளப்படுவார்.'

"அப்ப நான் எப்பதான் உட்காருறது?" என்று கேட்டார் தம்பி.

"உன்னைவிடச் சின்னவன் ஒருத்தன் இந்த ஊருக்கு வந்து சேரட்டும். அன்னிக்கே நாற்காலி. என் கையாலயே போடறேன்."

ஊரில் யாரும் பிறப்பதற்கும் வழியில்லை. மருத்துவமனையின் பிரசவ அறையை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வாடகைக்கு விட்டு வெகுகாலமாகியிருந்தது. பன்னிரண்டு வருடம் ஓடியது. தம்பியின் தலை நரைத்தபோது துறை வாளாவிருக்கவில்லை. இளைஞர் நலத் திட்டத்தின்கீழ் அவருக்குத் தலைச்சாயம் வழங்கியது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மருந்துக்கடைக்குப் புதிதாக ஓர் ஆள் வருகிறான், வயது இருபத்தெட்டு!

அவன் வரும் நாளன்று காலை ஊரே நிறுத்தத்தில் கூடியது. அவரவர் வீட்டில் தூக்க ஆளில்லாமல் கிடந்த பீரோ, கட்டில், அரிசிமூட்டை எல்லாம் தள்ளுவண்டிகளில் வந்திறங்கின. இயக்குநர் வாக்குத் தவறவில்லை. "தம்பி, உள்ள போய் அந்த நாற்காலிய எடுத்துட்டு வா" என்றார். கொண்டுவந்ததும் தம் கையால் அதைத் தொட்டார்.

தம்பி உட்கார்ந்தார். முதுகு சாய்ந்தது, முழங்கால்கள் முனகலை நிறுத்தின. உலகம் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே படைக்கப்பட்டது என்று அவருக்குத் தோன்றியது.

பேருந்து வந்து நின்றது. ஒல்லியான ஓர் இளைஞன் கையில் பெட்டியோடு ஒரு காலைத் தரையில் வைத்தான். முதலில் வாய் திறந்தது தம்பிதான்.

"வாப்பா, வா! நல்ல சமயத்துல வந்தே. பெட்டிய அப்படி ஓரமா வெச்சுட்டு இந்த சிலிண்டரை மட்டும் அக்கா கடைக்கு ஏத்திடு. அப்புறமா அந்த பீரோ. அப்புறம் சாயங்காலம் ஒரு சாவு இருக்கு."

இளைஞன் பீரோவைப் பார்த்தான். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். கடைசியாக, சாயம் போட்ட தலையைப் பார்த்தான். தரையில் வைத்த காலை மெதுவாக மேலே எடுத்தான். அவன் இன்னும் பதிவாகாதவன். நடத்துநருக்குத் தடுக்க விதியில்லை.

பேருந்து போன பிறகு, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்குறதே இல்ல" என்று ஒரு குரல் கேட்டது. இயக்குநர்தான் சொன்னார் என்று சிலர் சொல்கிறார்கள். பக்கத்திலேயே இருந்த அக்காவோ, சொன்னது தம்பிதான் என்கிறாள். எல்லாரும் தலையாட்டினார்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி தம்பி, எழுந்திரு. நாற்காலிய எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வை."