ஆறு சேவர்களும் ஓர் அருளம்பலமும்

வாசகரே, மனிதர்களில் ஓர் இனம் உண்டு. போய்ச் சேரவேண்டிய செய்தியைவிட, அது போகும் பாதையில் அதிகப் பிரியம் வைத்த இனம். முந்திய காலத்தில் இவர்கள் எங்கே பிழைத்தார்களோ தெரியாது. அரசாங்கக் கச்சேரியின் ஏதாவதொரு மூலையில் முத்திரைக் கட்டையோடு இருந்திருக்கலாம். மின்னஞ்சல் வந்த பிறகு இவர்களுக்குத் தனி அறையும் ஏசியும் கிடைத்துவிட்டன. நான் இவர்களைச் சேவர்க்காரர் என்று சொல்வேன்.

எனக்குத் தெரிந்த சேவர்க்காரர், எங்கள் நிவாரண நிறுவனத்தின் அருளம்பலம் அவர்கள். சமாதானம் கடதாசியிலும் சோதனைச்சாவடி வீதியிலும் இருந்த வருடங்கள் அவை. தலைமை அலுவலகம் திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட. கிளைகள் உப்புவெளி, நிலாவெளி, புல்மோட்டை, கிண்ணியா, மூதூர். எல்லாவற்றுக்கும் சேர்த்து, மின்னஞ்சலை வாங்கி அனுப்பும் சேவர் இயந்திரம் ஒன்று போதும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. லைன் அறுந்தால், கரண்ட் போனால், வீதியை மூடினால் என்ன செய்வதாம் என்று அருளம்பலம் பதில் எழுதினார். நியாயமான கேள்வி. இந்த இனத்தின் கேள்விகள் எப்போதும் நியாயமானவைதான். ஆறு இடத்துக்கும் ஆறு சேவர் வந்து இறங்கின.

ஆறும் ஒன்றோடொன்று தொலைபேசி லைன் வழியாகக் கதைத்துக்கொள்ளும். நினைத்த நேரத்திலா? அது எப்படி முடியும்? காலை எட்டு, மத்தியானம் பன்னிரண்டு, பின்னேரம் நாலு. இதற்கென்று நான்கு நிற மையில் கீறிய ஓர் அட்டவணை சுவரில் தொங்கியது. அதன்படி, உப்புவெளியில் ஒருவர் எட்டே காலுக்கு அனுப்பும் மடல் மத்தியானம் வரை அங்கேயே காத்திருந்து, நிலாவெளிச் சேவரைப் பார்த்து, நான்கு மணிக்கு எங்களிடம் வரும். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வந்தால் இருபது நிமிடம். ஆனால் சைக்கிளுக்குப் பதிவு இல்லையே.

சேவர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. உள்ளே வெப்பமானி ஒன்று. அது இருபத்திரண்டைத் தாண்டினால் அருளம்பலத்தின் முகம் வாடிவிடும். வைகாசி வெயிலில் நாங்கள் எல்லாரும் கோப்பு மட்டையால் விசிறிக்கொண்டிருக்க, முகாமையாளர் குலசிங்கம் மட்டும் 'ஆலோசனை' என்று சொல்லி மணிக்கொரு தரம் அந்த அறைக்குப் போய்வருவார். மெயில் வேலை செய்யவில்லை என்று யாராவது போய்ச் சொன்னால், அருளம்பலம் தலை நிமிராமல், அந்த முறைப்பாட்டை மெயிலில் அனுப்பும்படி சொல்வார். அனுப்பினோம். அது மெயில் சரிவந்த பிறகுதான் அவரிடம் போய்ச் சேரும். சேர்ந்த நிமிடமே 'சரிசெய்யப்பட்டது' என்று பதில் வரும். வருட முடிவில் கணக்கெடுத்தபோது, முறைப்பாடுகளை ஒரு நிமிடத்துக்குள் தீர்த்தவர் என்று கொழும்பு அவருக்குப் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது.

மனிதர் கெட்டவரல்ல. ஒருநாள் குடாவின் அந்தப் பக்கத்தில் ஷெல் விழத் தொடங்கியதும் நாங்கள் எல்லாரும் பங்கருக்கு ஓட, அவர் சேவர் அறைக்கு ஓடினார். சேவரை ஆறுதலாக, முறைப்படி அணைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வந்தார். அந்த நேரத்தில் எனக்கு அவரில் மரியாதையே வந்தது. பிழை எங்கே என்றால், இந்த இனம் தனியே வாழ்வதில்லை. பக்கத்தில் இருப்பவர்களையும் மெல்ல மெல்லத் தன் இனத்தில் சேர்த்துவிடும்.

இனிச் சொல்லப்போவது ஒரு வியாழக்கிழமை நடந்தது.

திருகோணமலைக்குக் கண் வைத்தியர் ஒருவர் வியாழன், வெள்ளி என்று இரண்டு நாளுக்கு மட்டும் வருகிறார். மூதூரிலிருந்து பதினொரு வயதானவர்களை வெள்ளி காலை எங்கள் படகில் கொண்டுவர ஏற்பாடு. பெயர்ப் பட்டியலை நான் முதல்நாள் மத்தியானம் பன்னிரண்டுக்கு முன் துறைமுக வாசல் சோதனைச்சாவடியில் கொடுக்கவேண்டும். பெயர் இல்லாதவர் படகில் ஏற ஏலாது. பதினொருவரில் ஆமினா உம்மா என்று ஒருவர். ஒரு கண் முன்னமே போய்விட்டது. மற்றதில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இந்த முறை தவறினால் அதுவும் போய்விடும் என்று மூதூர்க் கிளையின் ரபீக்கா போன கிழமையே எழுதியிருந்தார்.

ரபீக்கா காலை ஏழரைக்கே பட்டியலை அனுப்பிவிட்டார். 'அனுப்பப்பட்டது' என்று திரையும் சொல்லிவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து மேலதிகாரிகள் சேவர்களைப் பார்வையிட வருவதாக இருந்தது. ஆறும் ஒரே மாதிரி இருக்கவேண்டாமா? மற்ற ஐந்தைப் போல அதையும் மாற்றியமைப்பதற்காக அருளம்பலம் மூதூர்ச் சேவரைப் புதன் பின்னேரமே நிறுத்திவைத்திருந்தார். வரும் மடலை வாங்கி வைத்துக்கொள்ளும், உள்ளேயோ வெளியேயோ யாருக்கும் விடாது. இதை அறிவித்து எல்லாக் கிளைகளுக்கும் மடல் போட்டிருந்தார். மூதூருக்குப் போன அறிவித்தல் எங்கே நின்றிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பதினொன்றேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தது நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"லிஸ்ட் கிடைச்சதா அண்ணன்?" என்று ரபீக்கா கேட்டார். ஒன்பதாம் தரம் டயல் பண்ணித்தான் லைன் கிடைத்ததாம். குரல் தெளிவாகக் கேட்டது.

இன்னும் வரவில்லை என்றேன்.

"அப்ப நான் பேரைச் சொல்றன், எழுதுங்க. ஒண்டு, ஆமினா உம்மா, வயசு அறுபத்தெட்டு..."

"பொறுங்கோ தங்கச்சி. பெயரெல்லாம் மெயிலிலதான் வரவேணும். சுற்றறிக்கை தெரியும்தானே? திருப்பி ஒருக்கா அனுப்புங்கோ."

அவர் கடதாசியை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி அண்ணன், அனுப்புறன்" என்றார். நல்ல பிள்ளை. அனுப்பினார். இரண்டாவது பட்டியலும் முதலாவதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் சும்மா இருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அருளம்பலத்திடம் போனேன். அவர் திரையைப் பார்த்தார், ஏதோ தட்டினார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"பயப்பட ஒண்டும் இல்லை. மூதூர்ச் சேவரில பத்திரமா இருக்கு," என்றார்.

உங்களிடம் மறைக்கவில்லை, எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. பத்திரமாக இருக்கிறதே. அந்தக் குளிரில் ஐந்து நிமிடம் நின்று, மற்றச் சேவர்களின் சுகத்தையும் விசாரித்துவிட்டு வந்தேன். என் மேசைக்கும் துறைமுக வாசலுக்கும் நடந்தே பத்து நிமிடம். மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டு அடித்தது.

வெள்ளி காலை ஐந்து மணிக்கே பதினொருவரும் மூதூர் இறங்குதுறைக்கு வந்துவிட்டார்களாம். ஆமினா உம்மா தலையில் எண்ணெய் வைத்து, வெள்ளைச் சேலை உடுத்து, பெட்டியோடு வந்திருந்தாராம். பெயர் இல்லை. படகு பால்மா மூட்டைகளை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது.

மேலதிகாரிகள் வந்து ஆறு சேவர்களும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டு மகிழ்ந்து போனார்கள். திங்கள் காலை எட்டு மணிக்குப் பட்டியல் வந்தது. பதினொரு பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், ஓர் எழுத்துப் பிழை இல்லை. இரண்டு பிரதிகள். அருளம்பலம் அதை அச்செடுத்து எல்லாருக்கும் காட்டினார். மாத அறிக்கையில் 'தொலைந்த மடல்கள்: இல்லை' என்று எழுதினார். அது உண்மைதான்.

பிறகு சண்டை தொடங்கியது. படகு நின்றது. ஒரு வருடம் கழித்து, கிண்ணியாவில் இடம்பெயர்ந்தவர்களுக்கு நாங்கள் பாய் கொடுத்த இடத்தில் ரபீக்கா ஒரு கிழவியைக் கையில் பிடித்து வரிசையில் கூட்டிவந்தார். இரண்டு கண்ணும் திறந்துதான் இருந்தன. எதையும் பார்க்கவில்லை. ஒபிஸ் அண்ணன் என்று ரபீக்கா என்னை அறிமுகப்படுத்தினார். அன்றைக்குத் தொலைபேசி எடுத்தவன் என்று சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"எங்கட பேரெல்லாம் கடைசில வந்து சேந்ததா மகன்?" என்று ஆமினா உம்மா கேட்டார்.

"ஓம் உம்மா. பதினொண்டும் வந்தது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அவர், பாயை வாங்கிக்கொண்டு.

வாசகரே, நீங்கள் சேவர் என்ற சாமானைக் கண்டதே இல்லை என்பீர்கள். நானும் அந்த அறையில் வேலை பார்த்தவனல்ல. அருளம்பலத்துக்காவது ஆறு இயந்திரங்கள் காவலுக்கு இருந்தன; அன்றைக்கு என் மேசையில் ஒரு கொப்பியும், வலது கையில் ஒரு பேனாவும்தான் இருந்தன. இனி யாராவது உங்களிடம் ஒரு பெயரைச் சொல்லத் தொடங்கினால், 'முறைப்படி அனுப்புங்கோ' என்று வாய் திறக்க முன், உங்கள் வலது கை அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.