பிடித்தம் போக எவ்வளவு?

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தன் சம்பளத்தைச் சொல்லும்போது பிடித்தமெல்லாம் போகக் கையில் வருவதை மட்டும் சொல்லும். அடுத்தவர் சம்பளம் என்றால் பிடித்தத்துக்கு முன்னால் இருப்பதை எடுத்துக்கொண்டு, அதன் தலையில் போனஸ், பெட்ரோல் படி, ஆபீஸ் கொடுத்த செல்போன், வருடக் கடைசியில் கிடைக்கும் டைரி வரை ஏற்றி வைத்துக் கூட்டும். கூட்டி முடித்ததும் ஒரு பெருமூச்சு. பார்த்திருப்பீர்களே? பார்க்காமல் எங்கே போய்விடப் போகிறீர்கள்!

நம் தலைமை எழுத்தர் அந்த இனத்தில் அசல். அரசாங்க அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம். அவருக்கு வாய்த்த மச்சானும், அதாவது மனைவியின் தம்பியும், அதே இனம். தனியார் கம்பெனியில் மேலாளர். மச்சான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இவர் ஆரம்பித்துவிடுவார்.

"உனக்கென்னப்பா, வருஷா வருஷம் ஏத்திக் குடுக்கறான்."

"அட நீங்க வேற, அத்தான்! திங்கக்கிழமை போனா என் நாற்காலி இருக்குமான்னே தெரியல. உங்களுக்கென்ன, ரிடையர் ஆனப்புறமும் பென்ஷன் வீடு தேடி வரும்."

"பென்ஷனை நீ வெச்சுக்க. உன் சம்பளத்தை இங்க குடு."

சரி, மாற்றிக்கொள்வார்களா? மூச்! இருபது வருடமாக இருவரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த புலம்பலில் மண்ணை அள்ளிப் போட்டாள் எழுத்தரின் மகள். படிப்பை முடித்த கையோடு அவளுக்கு இரண்டு வேலை வந்துவிட்டது. ஒன்று அரசாங்கத்தில், ஒன்று கம்பெனியில். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"எதுக்குப் போகட்டும்பா?" என்று கேட்டாள். எழுத்தருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. வளர்ந்த பிறகு அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. இதிலாவது உருப்படியாக ஒரு வழி காட்டிவிட வேண்டும் என்று, முறைப்படி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். மச்சான் கம்பெனியில் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய தாளில் கோடு போட்டார்கள். அதன் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! அரசாங்க ஊழியர் கம்பெனிக்காக வாதாடுகிறார். கம்பெனி மேலாளர் அரசாங்கத்துக்காக மேசையைத் தட்டுகிறார். மகள் சலித்துப் போய், "சரிப்பா, கம்பெனிக்கே போறேன்" என்றால், "அப்போ பென்ஷன்?" என்று பதறுகிறார் அப்பா. "அப்போ அரசாங்கம்" என்றால், "இந்தச் சம்பளத்துலயா?" என்று வாயைப் பிளக்கிறார் மாமா.

"அங்க என்ன வேலை, எனக்கு எது பிடிக்கும்னு யாருமே கேக்கலியே மாமா?"

"இரும்மா, இன்னும் மருத்துவப் படியே போடல."

அவள் எழுந்து போனதை இருவரும் கவனிக்கவில்லை. தாள் மூன்றாகி, நாலாகி, மணி நாலே முக்கால் ஆனபோது எழுத்தரின் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"போதும், எடுத்து வைங்க. அவ மத்தியானமே பதில் அனுப்பிட்டா."

"எந்த வேலைக்கு?"

"சொல்ல மாட்டாளாம். சம்பளம் எவ்வளவுன்னும் உங்க ரெண்டு பேருக்கும் சாகற வரைக்கும் சொல்ல மாட்டாளாம். எங்கிட்ட மட்டும் சொன்னா."

எழுத்தருக்கு முகம் சுண்டிப் போயிற்று. பெற்ற மகள் நம்மிடம் மறைக்கிறாளே என்று அந்த மனிதருக்கு உண்மையாகவே வலித்தது. பாவம்தான். ஆனாலும் மெல்ல மனைவி பக்கம் சாய்ந்து, "பிடித்தம் போகவா, முன்னாடியா? அதை மட்டுமாவது சொல்லேன்" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்: அவள் எந்த வேலைக்குப் போனாள், எவ்வளவு தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இந்தப் பக்கத்தைத் திருப்ப உங்களுக்கு மனம் வருகிறதா?